பாண்டிச்சேரியில் நல்ல தண்ணி!

நான் மாதக் கணக்கு எழுதிக் கொடுக்கிற கம்பெனி ஒன்று தி.நகரில் இருக்கிறது. (பத்திரிகைக்கு எழுதியே வீட்டு வாடகை கட்டிவிடலாம் என்று நினைக்கிற அப்பாவிகளுக்காக இந்தத் தகவல். படித்த பி.காம். அதற்காவது உதவட்டுமே!) ஒரு திங்கட்கிழமை காலை உள்ளே நுழைந்ததும் ரிசப்ஷன் தம்பி கேட்டான்.

"சனி, ஞாயிறு போன் எடுக்கவே இல்லையே... எங்க சார் போயிருந்தீங்க?"

"பாண்டிச்சேரி."

அவ்வளவுதான். ஒரு கண் சிமிட்டல். "ம்ம்ம்..." என்று ஒரு ராகம். பக்கத்து மேஜைக்காரர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கி, என் கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்தார்.

"தண்ணி எப்படி சார்?"

"பிரமாதம்ப்பா. ரெண்டு நாளும் தண்ணியிலேயேதான் இருந்தோம். லேசா உப்புக் கரிக்கும். ஆத்துத் தண்ணியில்லையா!"

அவன் சிரித்தான். ஜோக் என்று நினைத்துவிட்டான். நானும் விட்டுவிட்டேன். ஆனால் உங்களிடம் சத்தியமாகச் சொல்கிறேன் - நாலு பேர், முப்பதைத் தாண்டிய ஆம்பிளைகள், இரண்டு பகல் ஒரு ராத்திரி பாண்டிச்சேரியில் தங்கி, ஆற்றைத் தவிர வேறு எந்தத் தண்ணியையும் கிட்டே சேர்க்காமல் திரும்பி வந்தோம். கின்னஸ்காரர்களுக்கு எழுதிப் போடலாமா என்றுகூட யோசனை.

2012-லிருந்து வருஷா வருஷம் இந்த பாண்டி யாத்திரை நடக்கிறது. கொரோனா வருஷம் 2020 மட்டும் நின்றது. கோஷ்டியில் நான், மெடிக்கல் ரெப் ஒருத்தன், பேங்கில் கேஷியர் ஒருத்தன், நாலாவது ஆள் 'லெட்ஜர்'. நிஜப் பெயர் வேண்டாம். டிரிப்புக்குக் கிளம்பின நிமிஷத்திலிருந்து ஒரு சின்ன நோட்டில் செலவை எழுதிக்கொண்டே வருவான். டீ நாலு, வேர்க்கடலை ஒண்ணு, டயருக்குக் காத்து... எல்லாம் ஏறும். அந்த நோட்டில் 'ரெஃப்ரெஷ்மென்ட்' என்று ஒரு தலைப்பு உண்டு. எல்லா வருஷமும் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அந்தத் தலைப்பில்தான். என்ன ரெஃப்ரெஷ்மென்ட் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யூனியன் பிரதேசம், வரி வேறு, விலை வேறு... உங்களுக்குத் தெரியாததா!

போன வருஷம் ஆடி மாசம் லெட்ஜருக்கு மஞ்சள் காமாலை. ஈரல் என்றார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "குறைச்சுக்கறேன்னு சொல்லாதீங்க. நிறுத்தணும். ஒரு சொட்டு கிடையாது." நிறுத்திவிட்டான். அதற்கப்புறம் எங்கள் கோஷ்டி ஒரு கேவலமான காரியம் செய்தது. அவனைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டோம். நல்ல எண்ணத்தில்தான் - பார்த்தால் அவனுக்கு ஆசை வந்துவிடுமே என்று. தீபாவளிக்குக்கூட ஆளுக்கொரு வாட்ஸப் வாழ்த்தோடு சரி.

பொங்கல் முடிந்து அவன் மனைவி எனக்கு போன் பண்ணினாள்.

"அண்ணா, இந்த வருஷம் பாண்டிச்சேரி எப்போ?"

நான் திருதிருவென்று விழித்தேன். போனில் விழித்தால் தெரியாது என்பது ஒரு சௌகரியம்.

"இல்லம்மா... இந்தத் தடவை போறதா இல்ல..."

"பொய் சொல்லாதீங்கண்ணா. ரூம் போட்டாச்சுன்னு கேஷியர் அண்ணன் வீட்ல சொன்னாங்க. இவரையும் கூட்டிட்டுப் போங்க. ஆபீஸ் விட்டு வந்தா சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு. பேச ஆள் இல்ல. பயமா இருக்கு..." கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம், "கூட்டிட்டுப் போனாலும் பயமாத்தான் இருக்கு. நீங்க பார்த்துக்குங்க" என்று வைத்துவிட்டாள்.

டெபிட்டா கிரெடிட்டா என்று புரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். அந்த போனை அப்படி வைக்க முடியவில்லை.

கோஷ்டியைக் கூட்டினேன். தீர்மானம்: இந்தத் தடவை நாலு பேருமே தொடக்கூடாது. ரெப் மட்டும் முனகினான். "குடிக்காம பாண்டிச்சேரியில என்னடா பண்றது? திருப்பதிக்குப் போயிட்டு மொட்டை போடாம வர்ற மாதிரி!" நியாயமான கேள்விதான். பத்து வருஷத்துக்கு மேல் போன ஊர். எங்களுக்குத் தெரிந்தது நாலு கடை, ஒரு லாட்ஜ், ஒரு பீச். அவ்வளவுதான்.

மேப்பை விரித்தேன். பாண்டிச்சேரிக்குத் தெற்கே இரண்டு நீலக் கோடு. அட, இந்த ஊரில் ஆறு இருக்கா?

இருக்கிறது. செஞ்சி மலைப்பக்கத்திலிருந்து வருகிற சங்கராபரணி. செஞ்சி ஆறு என்பார்கள், வராக நதி என்பார்கள். வில்லியனூரைத் தாண்டி, கடலை நெருங்குகிற இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. வடக்குப் பக்கம் ஒதுங்குவது அரியாங்குப்பம் ஆறு. தெற்குப் பக்கம் போவது சுண்ணாம்பாறு. கடலூர் ரோட்டில் போனால் இரண்டுக்கும் பாலம் வரும். அந்தப் பாலங்களை நாங்களும் தாண்டியிருக்கிறோம். தாண்டும்போது யார் மடியில் பாட்டில் இருக்கிறது என்பதில்தான் கவனம்.

சனிக்கிழமை காலை முதல் போணி சுண்ணாம்பாறு. ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர். நோணாங்குப்பத்தில் சுற்றுலாத் துறையின் படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து படகு ஆற்றோடு போய், ஆறு கடலில் கலக்கிற முனைப்பக்கம் ஒரு மணல் திட்டில் இறக்கிவிடும். பாரடைஸ் பீச் என்று பெயர். ஒரு பக்கம் கடல் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். முதுகுப்பக்கம் ஆறு சத்தமே இல்லாமல் கிடக்கும். நடுவில் மணல். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சனிக்கிழமை. காலேஜ் பஸ்கள் நாலு. ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு. நீங்கள் போவதானால் வார நாளில் லீவு போட்டுவிட்டுப் போங்கள். தலைவலி என்று சொன்னால் மேனேஜர் நம்புவார். அங்கே கடலில் இறங்குவது மட்டும் வேண்டாம். முகத்துவாரத்து இழுப்பு நீச்சல் தெரிந்தவனையும் கேட்காமல் கூட்டிக்கொண்டு போகும்.

படகில் லெட்ஜர் ஒன்றும் பேசவில்லை. நோட்டு சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அரிக்கமேடு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி, வீராம்பட்டினம் ரோட்டில் இடது பக்கம் திரும்பி, காக்காயந்தோப்பு என்கிற கிராமத்தைத் தொட்டால் வந்துவிடும். ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். மாந்தோப்பு, பனைமரம், கீழே ஆறு. பாழடைந்த ஒரு செங்கல் கட்டடத்தின் மிச்சம் - பதினெட்டாம் நூற்றாண்டில் பாதிரிமார்கள் இருந்த வீடு. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். "இதுக்கா வந்தோம்?" என்று ரெப் கேட்டான். கேட்பான் என்று தெரியும். அதனால் முதல் நாள் ராத்திரியே படித்து வைத்திருந்தேன்.

"டேய், பாண்டிச்சேரிக்கும் சரக்குக்கும் எத்தனை வருஷத்து சம்பந்தம் தெரியுமா?"

"நாப்பது, அம்பது?"

"ரெண்டாயிரம்!"

பொய் இல்லை. 1937-ல் ழூவோ துப்ரேய் என்கிற பிரெஞ்சுக்காரர், இந்தப் பக்கத்துப் பசங்கள் மண்ணில் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்த மணிகளைப் பார்த்து அசந்து போனார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் வந்து முறைப்படி தோண்டினார். அவர் அப்போது இந்தியத் தொல்லியல் துறையின் டைரக்டர் ஜெனரல். தோண்டினால் ரோமாபுரிச் சாமான்! இத்தாலியில் செய்த சிவப்புத் தட்டுகளின் துண்டுகள். அப்புறம் ஆம்ஃபொரா என்று சொல்கிற, இரண்டு காது வைத்த, அடி கூம்பின ஜாடிகள். அந்த ஜாடியில் என்ன வந்தது என்கிறீர்கள்? ஆலிவ் எண்ணெய், மீன் ரசம்... ஆனால் பெரும்பாலும் ஒயின்! கிறிஸ்து பிறந்த நூற்றாண்டை ஒட்டி, மத்திய தரைக்கடலிலிருந்து கப்பலேறி இந்த ஆற்றங்கரையில் வந்து சரக்கு இறங்கியிருக்கிறது. பதிலுக்கு இங்கே கண்ணாடியிலும் கல்லிலும் மணி செய்து அனுப்பியிருக்கிறார்கள். 1989-லிருந்து 1992 வரை விமலா பெக்லி மறுபடி தோண்டினார். தோண்டின குழிகளை மூடிவிட்டார்கள். அதனால்தான் மேலே மாந்தோப்பு மட்டும் தெரிகிறது.

"அப்போ இம்போர்ட். இப்போ எக்ஸ்போர்ட்" என்றான் கேஷியர். பேங்க்காரன் புத்தி.

லெட்ஜர் முதல் தடவையாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை விடக்கூடாது என்று அடுத்த கதையையும் எடுத்துவிட்டேன்.

இந்த ஆற்றங்கரையில் பெரிய பெரிய பழங்காலச் செங்கல் கிடைக்கிறது என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்தவர்களில் ஒருவர் லெ ஜான்டி என்கிற பிரெஞ்சு வானியல்காரர். மனுஷன் வந்தது செங்கல் பார்க்க இல்லை. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் ஒரு புள்ளியாக நகர்ந்து போவதைப் பார்க்க. அது எட்டு வருஷ இடைவெளியில் ஜோடியாக வரும். அந்த ஜோடியை விட்டால் நூறு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். 1761-ல் ஒன்று. அதற்காக 1760-லேயே பிரான்ஸிலிருந்து கப்பலேறினார். நடுவில் யுத்தம். பாண்டிச்சேரியை இங்கிலீஷ்காரன் பிடித்துவிட்டான் என்று கரையை நெருங்கும்போது சேதி வருகிறது. கப்பல் திரும்பிவிட்டது. ஆடுகிற கப்பலில் இருந்து பார்த்த கணக்கு எதற்கும் பிரயோஜனப்படவில்லை. சரி, அடுத்தது 1769-ல் வருமே என்று ஊருக்குத் திரும்பாமல் இந்தப் பக்கத்துக் கடலிலேயே எட்டு வருஷம் சுற்றினார். மறுபடி பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இங்கேயே ஒரு ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்தார். 1769 ஜூன் 4. விடியற்காலை. அந்த நேரம் பார்த்து மேகம்! வெள்ளி சூரியனைத் தாண்டிப் போன பிறகு மேகம் விலகி, வெயில் பளிச்சென்று அடித்ததாம்.

1771-ல் வீடு போய்ச் சேர்ந்தால், ஆள் செத்துப்போனதாக முடிவு கட்டி, வாரிசுகள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

ரெப் விழுந்து விழுந்து சிரித்தான். லெட்ஜர் மட்டும் ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "நான் பதினோரு நாள்தான்டா ஆஸ்பத்திரியில இருந்தேன். அதுக்குள்ள மச்சான் என் பைக்கை எடுத்துட்டுப் போயிட்டான்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்களும் பங்கு போட்டுட்டீங்க. என்னை விட்டுட்டு மூணு பேரா" என்றான்.

யாரும் பதில் பேசவில்லை. என்ன பேசுவது? கேஷியர் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். மாமரத்தில் ஒரு அணில் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

(அங்கே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பாதுகாக்கப்பட்ட இடம். தரையில் பானை ஓடு கண்ணில் படலாம். எடுத்துப் பையில் போடாதீர்கள். வீட்டு ஷோகேஸில் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. அந்த மண்ணில் கிடந்தால்தான் அதற்குக் கணக்கு.)

சாயங்காலம் ஐந்து மணிக்கு முருங்கப்பாக்கம் பக்கம் ஒரு மீனவரிடம் பேசி, சின்னப் படகில் ஏறினோம். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிக்கொண்டோம். அறுபதை நெருங்குகிற மனுஷர். துடுப்பு ஒன்று, நீளக் கழி ஒன்று. எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆம்பிளைப் பசங்க நாலு பேர், கையில பாட்டில் இல்லாம ஏறுறீங்க... என்ன தம்பி, பழனிக்கு மாலை போட்டிருக்கீங்களா?"

"அப்படித்தான் வச்சுக்குங்கண்ணே" என்றேன்.

படகு ரோட்டுச் சத்தத்தை விட்டு விலகின ஐந்தாவது நிமிஷம் இரண்டு பக்கமும் பச்சைச் சுவர். அலையாத்திக் காடு. பிச்சாவரம் அளவுக்குப் பெரிசெல்லாம் இல்லை. இரண்டு கரையிலும் வேலி கட்டின மாதிரி கொஞ்சம்தான். ஆனால் ஆயிரக்கணக்கான வண்டி போகிற கடலூர் ரோட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இப்படி ஒன்று இருக்கிறது என்பதே ஆச்சரியம்.

சேற்றில் பென்சில் நட்ட மாதிரி லட்சக்கணக்கில் குச்சிகள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. செத்த செடி என்று நினைத்தேன். "வேரு தம்பி அது" என்றார் படகுக்காரர். கண்டல் மரத்தின் வேர். சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் வேர் மேலே தலையை நீட்டி மூச்சு விடுகிறது. எலெக்ட்ரிக் டிரெயினில் காலை எட்டரை மணிக்கு நாம் கழுத்தை மேலே தூக்கிக்கொண்டு நிற்போமே, அதே டெக்னிக்!

"இலையை நக்கிப் பாருங்க" என்றார்.

நக்கினோம். உப்பு! உப்புத் தண்ணியைக் குடித்துவிட்டு, வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது அந்த மரம். "ஊறுகாய் இருக்கு... மெயின் ஐட்டம்தான் இல்ல" என்று ரெப் பெருமூச்சு விட்டான். லெட்ஜரே இன்னொரு இலையைப் பறித்து அவன் வாயில் வைத்தான்.

சுரபுன்னை என்று இன்னொரு மரம். அதன் சமாசாரம் இன்னும் விசேஷம். விதை கீழே விழுந்து முளைப்பதில்லை. தாய் மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கி, தயாரானதும் விழுகிறது. சேறு இருந்தால் குத்திட்டு நிற்கும். தண்ணி இருந்தால் மிதந்து போய் வேறு கரையில் ஒட்டிக்கொள்ளும். கையில் ஒரு தொழிலோடு வீட்டை விட்டுக் கிளம்புகிற பிள்ளை மாதிரி. என் அப்பா பார்த்திருந்தால், "மரம்கூட..." என்று ஆரம்பித்திருப்பார்.

சேற்றில் சின்ன நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பு அளவுக்குப் பெரிசு. அதை மேலேயும் கீழேயும் ஆட்டி ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடுகிறது. சாப்பிட உதவாத கொடுக்கு; ஷோ காட்டவும் சண்டை போடவும்தான். புது பைக் வாங்கினவன் பஸ் ஸ்டாப் ஓரமாக ஆக்ஸிலேட்டரை முறுக்குவானே, சாட்சாத் அதுதான்.

இதெல்லாம் ஆறு என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேனே தவிர, அங்கே பாதிக்கு மேல் கடல்தான். மேலே செஞ்சிப் பக்கம் சங்கராபரணி மழைக்காலத்துக்கு அப்புறம் மணலாகத்தான் கிடக்கும். கீழே மட்டும் நாளைக்கு இரண்டு தடவை கடல் உள்ளே ஏறி வந்து, இரண்டு தடவை இறங்கிப் போகிறது. முகத்துவாரத்தில் 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கல் கொட்டி நீட்டினார்கள். தெற்கேயிருந்து கரையோடு நகர்ந்து வருகிற மணல் அங்கேயே தடுபட்டு நின்றது. வடக்கே பாண்டிச்சேரி பீச் கரைந்தே போனது. ரொம்ப காலம் அங்கே கருங்கல்தான் பீச். 2018-ல் கடலுக்குள் ஒரு தடுப்பு இறக்கினதற்கு அப்புறம்தான் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. அந்த மணலில் படுத்துக்கொண்டு செல்ஃபி எடுத்திருக்கிறேன். இந்த ஆற்று வாய்க்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பது அன்றைக்குத் தெரியாது.

ஆறு மணி ஆயிற்று. லெட்ஜர் பேச்சை நிறுத்திவிட்டான். படகு விளிம்பைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். இறுக்கிப் பிடித்திருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. இந்த டைம்தான். ஆறு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும். அப்புறம் சரியாயிடும்."

படகுக்காரர் காதில் விழுந்ததோ இல்லையோ. கழியை ஊன்றிப் படகை நிறுத்தினார். "கொக்கு அடையற நேரம். சத்தம் போடாம உக்காருங்க" என்றார்.

முதலில் இரண்டு வந்தன. வெள்ளைக் கொக்கு. அப்புறம் ஐந்து. எதிர்க்கரையில் ஒரே ஒரு புதர் மாதிரி மரக்கூட்டம். எல்லாம் அங்கேதான் இறங்குகின்றன. நீர்க்காகம் ஒரு வரிசை, தண்ணிக்கு ஒரு அடி மேலே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. மடையான். பேர் தெரியாதது நாலு வகை. உட்கார இடத்துக்கு ஒரே சண்டை. லேட்டாக வந்தவன் நேராக வந்து உட்கார்ந்திருப்பவன் தலையிலேயே இறங்குகிறான்.

"எத்தினி இருக்கும்னு நெனக்கிறீங்க?" என்றார் படகுக்காரர், பொதுவாக.

கணக்கு என்று வந்துவிட்டால் எங்கள் ஆள் சும்மா இருப்பானா! நோட்டு வெளியே வந்தது. ஐந்தைந்தாகக் கோடு போட ஆரம்பித்தான். "டேய், அந்தப் பக்கம் வர்றதை நீ எண்ணு. டபுள் என்ட்ரி ஆயிடப் போகுது!" என்று என்னை விரட்டினான். நீர்க்காகத்துக்குத் தனிப் பத்தி. இருட்டிக் கோடு தெரியாமல் போகிற வரைக்கும் எண்ணினோம். கொக்கு மட்டும் 214. மணி பார்த்தால் ஏழு தாண்டியிருந்தது. கொசு பிய்த்து எடுத்துவிட்டது. (ஓடோமாஸ் எடுத்துக்கொண்டு போகவும். நாங்கள் போகவில்லை.)

கரையில் இறங்கும்போது படகுக்காரர், "பார்த்துக் கால் வைங்க, கண்ணாடி கிடக்கும்" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால் சேற்றில் பாட்டில் பாட்டிலாக. முழுசு, உடைந்தது, கழுத்து மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது. வலது குதிகாலைத் தூக்கிக் காட்டினார். நீளமாக ஒரு தழும்பு. "வலை இழுக்க இறங்கினேன். ஒம்போது தையல். பாலத்து மேலேர்ந்து வீசிட்டுப் போயிடறாங்க. 'தொபுக்'னு சத்தம் கேக்கணுமாம்."

நாங்கள் நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. 2014-லோ 2015-லோ அரியாங்குப்பம் பாலத்தில் காரை நிறுத்தி, எது தூரமாக விழுகிறது என்று பந்தயம் கட்டினது எங்களுக்கு ஞாபகம் இருந்தது. பந்தயத்தில் ஜெயித்தது நான்.

ராத்திரி லாட்ஜில் பரோட்டா. பக்கத்து ரூமில் ஒரே கும்மாளம். கதவுக்கு அடியில் அந்த வாசனை வந்தது. ரெப் எழுந்து போய் ஒரு துண்டை உருட்டிக் கதவடியில் வைத்துவிட்டு வந்து படுத்தான். அவனை எவ்வளவு திட்டியிருக்கிறேன்! இனிமேல் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி வரைக்கும் லெட்ஜர் ஆஸ்பத்திரிக் கதை சொன்னான். அந்தப் பதினோரு நாளும் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்டதே இல்லை.

ஞாயிறு காலை திருக்காஞ்சி போவதாகப் பிளான். சங்கராபரணிக் கரையில் பழைய சிவன் கோவில். ஆறு பிரிவதற்கு முன்னாடி ஒண்ணாக இருக்கிற இடம். ஆனால் போகவில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு லெட்ஜர் எங்களை எழுப்பி, "ஒரு சாக்கு வாங்கணும்" என்றான். நேற்றைய கரைக்கே திரும்பினோம். செருப்பு, தடிமனான கையுறை, பத்து மணி வரைக்கும் வேலை. படகுக்காரர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு சாக்கு எடுத்துக்கொண்டு வந்தார். நாற்பது கெஜக் கரையில் 163 பாட்டில். பிராண்ட் வாரியாகக்கூட நோட்டில் ஏறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, பழைய பேப்பர் கடை பூட்டு. என்ன செய்வது? இரண்டு சாக்கையும் கார் டிக்கியில் போட்டுக்கொண்டோம், சென்னையில் போட்டுவிடலாம் என்று.

எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது செக்போஸ்ட் வந்த பிறகுதான் உறைத்தது.

"பாண்டிச்சேரியா? எத்தனை பாட்டில்?" என்றார் போலீஸ்காரர்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றான் கேஷியர், கள்ளங்கபடம் இல்லாமல்.

"டிக்கியைத் திற."

திறந்தான். 'கிளிங்' என்று ஒரு சத்தம்.

"ஒண்ணும் இல்லேன்னே?"

"காலி பாட்டில் சார்."

"நூறு பாட்டில் இருக்கும் போலிருக்கே! நாலு பேரா குடிச்சீங்க?"

"நூத்தி அறுபத்து மூணு சார்" என்று லெட்ஜர் திருத்தினான். "குடிக்கல சார். ஆத்துல கிடந்தது."

அவர் சர்வீஸில் எத்தனையோ கதை கேட்டிருப்பார். இது புதுசு. சேறு அப்பின சாக்கை மோந்து பார்த்தார். எங்கள் செருப்பைப் பார்த்தார். மெஷினை எடுத்துக்கொண்டு வந்து, வண்டி ஓட்டின கேஷியரை ஊதச் சொன்னார். பூஜ்யம். நம்பாமல் இன்னொரு தடவை. பூஜ்யம்.

"சார், சார்..." என்று லெட்ஜர் முன்னால் வந்தான். "எனக்கும் வைங்க சார்."

"நீ வண்டி ஓட்டலையேய்யா!"

"பரவாயில்ல சார். ஒரே ஒரு தடவை."

ஊதினான். பூஜ்யம். மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றான். "இதுல சீட்டு அடிச்சு வருமா சார்? வீட்ல காட்டணும்."

போலீஸ்காரர் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "பேப்பர் தீந்து போச்சு. போட்டோ எடுத்துக்க" என்று மெஷினைத் திருப்பிப் பிடித்தார்.

படம் வீட்டுக்குப் போயிற்று. மகாபலிபுரம் தாண்டும்போது பதில் வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் காட்டினான்.

'வரும்போது ஒரு லிட்டர் பால் வாங்கிட்டு வாங்க. அண்ணன்களும் காபி குடிச்சுட்டுப் போகட்டும்.'